வலை விழுகிற சத்தம்

இரை மீனுக்குப் பயம் வந்தால் அது நூல் வழியாக நம்முடைய விரலுக்கு வந்துவிடும் என்று எனக்கு முதலில் சொன்னது என் மகன் டெரன்ஸ்தான், போன தபசு காலத்தில், குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வாரம், இதே வத்தைப் படகில் இதே பலகையில் என்னை உட்காரவைத்து. "எம்மா, கொடுவா கிட்ட வந்துட்டுன்னா நமக்குத் தெரியாது, இந்தச் சின்னதுக்குத்தான் தெரியும், அது கிடந்து நடுங்கும், அந்த நடுக்கம் தங்கூசில ஏறி உன் விரலுக்கு வரும், அப்ப நீ மூச்சுகூட விடக்கூடாது" என்றான். நைலான் நூலைத்தான் தங்கூசி என்கிறோம் மாதாவே, மீன்பிடிக்கிறவர்கள் நடுவிலே இத்தனை காலம் குடியிருக்கிற உமக்கு நான் சொல்லியா தெரியவேண்டும். அந்தத் தங்கூசி இப்போது என் ஆள்காட்டி விரல்மேல் கிடக்கிறது. அதன் கீழ்நுனியில் ஒரு கிழங்கான், என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, முதுகில் தூண்டில் முள்ளோடு நீந்துகிறது. எலும்பில் படாமல், செதிலுக்குக் கீழே தோலோடு குத்தினால் அது சாகாது, நீந்திக்கொண்டே இருக்கும், பெரியது வந்து விழுங்குகிற வரைக்கும் நீந்தும் என்று அவன் குத்திக் காட்டியபோது நான் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன். உயிரோடு ஒன்றைக் குத்தி இன்னொன்றின் வாய்க்கு அனுப்புகிறோமே, இதற்குப் பாவசங்கீர்த்தனம் உண்டா என்று சாமியாரிடம் கேட்க நினைத்துக் கேட்காமலே இருக்கிறேன், கேட்டால் சிரிப்பார். இப்போது கிழங்கான் சும்மாதான் இருக்கிறது. மெதுவாக ஒரு இழுப்பு, விடுகிறது, ஒரு இழுப்பு, விடுகிறது, தூங்குகிற பிள்ளை கைவிரலைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. கடல் ஆற்றுக்குள் வருகிற நேரம், இந்த நேரத்தில்தான் கொடுவா கண்டல் மரத்து ஓரமாக ஏறி வரும். மரங்களுக்கு அந்தப் பக்கம், என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், என் மகன் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை எறிகிறான். சளார். அதோ. ஈயக்குண்டெல்லாம் ஒன்றாகத் தண்ணீரில் விழுகிற சத்தம். அருள் நிறைந்த மரியே. இருக்கிறான்.

அவன் அங்கே போகவேண்டிய அவசியமே இல்லை, நான்தான் அனுப்பிவைத்தேன், வாயால் போ என்று சொல்லவில்லை, ஆனாலும் நான்தான். காலையில் வலை எறிந்து இரைக்கு வேண்டியதைப் பிடித்து வெட்டின கேனில் விட்டுவிட்டுத்தான் நூலைப் போட உட்கார்ந்தான். இன்றைக்கு மடவைக் குஞ்சு கிடைக்கவில்லை, எல்லாம் கிழங்கான். மடவையானால் எதையும் தாங்கும், கிழங்கான் சவலைப் பிள்ளை மாதிரி, கொஞ்சம் காற்றுக் குறைந்தால் வாயைப் பிளந்துவிடும், அதனால் தண்ணியை மாத்திக்கிட்டே இரும்மா என்று சொல்லி மோக்கிற டப்பாவை என் கையில் கொடுத்தான். எப்படி மாற்றுவது என்றும் சொல்லித் தந்திருக்கிறான். மேற்கே மழை பெய்து ஆற்றில் கலங்கல் வந்திருக்கிற நாளில் நல்ல தண்ணீர் மேலே ஓடும், உப்புத் தண்ணீர் கீழே கிடக்கும், ஒன்றின்மேல் ஒன்று பாய் விரித்தது மாதிரி. டப்பாவைக் கவிழ்த்தபடியே அமுக்கிக்கொண்டு போய், தோள் வரைக்கும் கை முங்கினபிறகு அடியில் வைத்துத் திருப்பினால்தான் கிழங்கான் உயிர் பிழைக்கிற உப்புத் தண்ணீர் வரும். அப்படித்தான் இரண்டு மூன்று தரம் மோந்து ஊற்றினேன். அதற்குப் பிறகு துக்க தேவரகசிய ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன், ஆரம்பித்தால் எனக்குக் கை ஒரு பக்கம் போகும் வாய் ஒரு பக்கம் போகும், ஜாக்கெட் கை நனைந்து குளிர்கிறதே என்றும் பட்டிருக்கும், மேலாக மோந்து ஊற்றியிருக்கிறேன், ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். குனிந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கின்றன. ஒன்றே ஒன்று மூலையில் செவுளை ஆட்டிக்கொண்டு கிடந்தது. டெரன்ஸ் கேனுக்குள் விரலை விட்டு நக்கிப் பார்த்தான். "நல்ல தண்ணியால்லா இருக்கு" என்றான், அவ்வளவுதான், என்னைத் திட்டவில்லை. அவன் அப்பா இருந்திருந்தால் டப்பாவை ஆற்றில் எறிந்திருப்பார், திட்டி முடித்துவிட்டு அதை எடுக்க அவரே குதித்திருப்பார். இவன் பேசாமல் உயிரோடு இருந்ததை முள்ளில் குத்தி விட்டு, நூலை என் விரலில் போட்டான். "ஒண்ணாச்சும் தண்ணிக்குள்ள கிடக்கட்டும். நான் அங்கிட்டுப் போயி நாலு வீசு வீசிட்டு வாறேன்." நானும் வருகிறேன் என்றேன். "ரெண்டு பேரும் போனா நூலை யாரு பிடிப்பா, மாதாவா?" என்று சிரித்தான். மன்னித்துக்கொள்ளும், கேலிக்குத்தான் சொன்னான். மறுபடி சளார். அருள் நிறைந்த மரியே.

கூப்பிடக்கூடாது என்பது எங்களுக்குள் பேச்சு. முதல் முதலாக வந்தபோது நான் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தேன், அவன் மரத்துக்குப் பின்னால் மறைந்தால் டெரன்ஸு, தலை தெரிந்தால் டெரன்ஸு, தெரியாவிட்டால் இன்னும் உரக்க டெரன்ஸு. அக்கரையில் மட்டி அள்ளுகிற லீனஸுக்கு அது பெரிய வேடிக்கை. அவனும் கெட்டவன் இல்லை, வாய்தான். "ஏல டெரன்ஸு, நீ அம்மைக்குத் துணைக்கு வந்தியா, அம்மை உனக்குத் துணைக்கு வந்துருக்கா? பால்டப்பாவையும் எடுத்துட்டு வந்தியா எக்கா?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு கத்தினான், அவனோடு நின்ற பெண்டுகளெல்லாம் சிரித்தார்கள். டெரன்ஸ் சிரிக்கவில்லை. முப்பது தாண்டின ஆம்பிளை, மூன்று நாள் கடலில் தங்கி வந்தவன், சுழிக்காற்றில் பாயை இறக்கத் தெரிந்தவன். வத்தைக்கு வந்து மெதுவாகச் சொன்னான், "எம்மா, நீ கூப்பிட்டுக்கிட்டே இருந்தா மீன் நிக்குமா? மனுசன் நிப்பானா? வலை விழுற சத்தம் உனக்குக் கேக்கும்லா. அதைக் கேட்டுக்கிடு. சத்தம் கேட்டா நான் இருக்கேன்." சரி என்றேன். தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து எனக்கு ஜெபமாலை தேவைப்படவில்லை, ஒரு வலை விழுந்தால் ஒரு அருள் நிறைந்த மரியே, ஒரு மங்களவார்த்தை ஜெபம், இழுத்து உதறி மடித்துக் கையில் எடுத்து எறிகிற நேரத்துக்கும் ஒரு மங்களவார்த்தை முடிகிற நேரத்துக்கும் சரியாக இருக்கிறது. அவன் கணக்குக்கு மீன், என் கணக்குக்கு அவன். டாக்டர் தண்ணீருக்கே போகவேண்டாம் என்றுதான் சொன்னார், அந்த அறையில் நானும்தான் இருந்தேன், தண்ணீர், நெருப்பு, உயரம் மூன்றும் ஆகாது என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். போனால் தனியாகப் போகக்கூடாது என்பது இவனாகச் சேர்த்துக்கொண்டது. சேர்த்துக்கொள்ளட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தானே, சாப்பாட்டுத் தட்டை வைத்தால் வைத்த இடத்தில் இருக்குமே, அதைப் பார்க்கிறதுக்கு இது மேல் என்று எனக்குப் பட்டது. அப்படிப் பட்டது சரியா தப்பா, நீரே ஒரு பையனைப் பெரிய ஆளாக்கி வெளியே அனுப்பிவிட்டு வாசலில் நின்றவள், உமக்குத் தெரியும்.

அந்த வலிப்பு முதல் தரம் வந்தது குடில் கட்டும்போது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, வீட்டு மூலையில் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தான், பெனிட்டா பொம்மைகளைத் துடைத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், கல்யாணமாகி முதல் கிறிஸ்துமஸ் அவர்களுக்கு. "சிரட்டை கருகுற வாசம் வருது, அடுப்புல என்ன?" என்று கேட்டான். அடுப்பில் ஒன்றுமில்லை. அடுத்த நிமிடம் அப்படியே சாய்ந்தான், வைக்கோலைக் கையில் பிடித்தபடியே, அந்தக் கை வெட்டி வெட்டி இழுக்க வைக்கோல் வீடெல்லாம் பறந்தது. பெனிட்டா அலறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். நானும் ஓடியிருப்பேன், எனக்கு ஓடுகிறதுக்கு ஒரு இடம் இல்லை, அவளுக்கு இருந்தது. இரண்டாவது தரம் வந்தபோது அவள் கதவோரம் நின்று நடுங்கினாள், மூன்றாவது தரத்துக்குப் பிறகு அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்தாள். போய் இத்தனை மாதம். தினமும் போனில் பேசுகிறாள், மாத்திரை போட்டாச்சா என்று கேட்கிறாள், வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது, தாய்வீட்டில் போய் இருக்கிற பெண்சாதியைக் கூப்பிடப் போகிறவன் தன் கையால் பிடித்த மீன் ஒன்றைக் கொண்டுபோகவேண்டும், ஏலத்தில் எடுத்தது ஆகாது, தலையும் வாலுமாக முழுசாக, செவுள் சிவப்பாக. அதை அந்த வீட்டு அடுக்களையில் அவள் அறுத்துக் குழம்பு வைத்துப் பரிமாறினால் கூட வருகிறாள் என்று அர்த்தம். போன வாரம் சம்மந்தி சேசடிமை போனில், "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாரும் மாப்ளே, வெறுங்கையா வந்தா வாசல்லயே நிறுத்திருவேன் பாத்துக்கிடும்" என்று சொல்லி ஹோவென்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது, நான் பக்கத்தில்தான் நின்றேன். இவனுக்குக் கேட்கவில்லை. இவனுக்கு வாசல் மட்டும்தான் கேட்டது. சும்மா ஒரு பாறை மீனோ சீலாவோ போதும் ஐயா என்றேன். "கொடுவாதாம்மா" என்றான், "கையில தூக்குனா வால் தரையில இடிக்கணும். பெனிட்டா பாக்கணும், நான் தண்ணில நின்னு பிடிச்சேன்னு." அதற்குமேல் நான் என்ன சொல்ல. கடைசியாக வலை எப்போது விழுந்தது?

இப்போதுதான் விழுந்தது. நான் குடிலை நினைத்துக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கும், எனக்குக் கேட்காமல் போயிருக்கும். பறவை ஒன்று கத்தியதே, அது கத்தும்போது விழுந்திருக்கும். இனி விழுகிறதைக் கேட்கலாம், ஒரு மங்களவார்த்தை சொல்லி முடிப்பதற்குள் விழும். சொல்லி முடித்துவிட்டேன். அவசரமாகச் சொல்லிவிட்டேன், இழுத்துச் சொல்லவேண்டும், கோயிலில் கிழவிகள் சொல்கிற மாதிரி. மறுபடி சொன்னேன். கண்டல் இலைகளில் காற்று, வத்தையின் வயிற்றில் தண்ணீர் தட்டுகிறது, தூரத்தில் அலை மண்மேட்டில் விழுகிறது, இத்தனை சத்தம் இருக்கிறது, அந்த ஒரு சத்தம் இல்லை. வலை சிப்பியில் மாட்டியிருக்கும். அந்த ஓரமெல்லாம் சிப்பிக்கூட்டம், மாட்டினால் கிழியாமல் ஒவ்வொரு கண்ணாக எடுக்கவேண்டும், நேரமாகும். இல்லை பீடி. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு மரத்தில் சாய்ந்து நின்று பீடி குடிக்கிறான், குடிக்கட்டும், இன்றைக்கு ஒரு கட்டு முழுவதும் குடிக்கட்டும். இல்லை நிறைய மீன் விழுந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறான். ஒரு வீச்சில் நிறைய விழுகிறது உண்டு. வலைக்கயிறு. மாதாவே, வலைக்கயிற்றின் சுருக்கு அவன் மணிக்கட்டில்தான் இருக்கும், எறிந்த வலை போய்விடாமல் இருக்க எல்லோரும் அப்படித்தான் மாட்டுவார்கள், தண்ணீரில் விழுந்தால் அந்த ஈயமெல்லாம், அத்தனை ஈயமும் அந்தக் கையைக் கீழே. அப்படி நினைக்கக்கூடாது. நினைத்தால் நடந்துவிடும் என்று என் அம்மா சொல்வாள், அது பேய்ப்பேச்சு, விசுவாசிக்கு அது ஆகாது, ஆனாலும் நினைக்காமல் இருக்கிறேன், நினைக்காமல் இருக்கிறதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். காது வலிக்கிறது. கூர்ந்து கேட்டால் காது வலிக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. கூப்பிடலாமா. தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருக்கிறேன். ஒரு ஆம்பிளையை ஆம்பிளையாக வைத்திருக்கிற ஒரே சத்தியம் அது. கூப்பிட்டு, "என்னம்மா!" என்று அவன் சீறினால், லீனஸ் அக்கரையிலிருந்து சிரித்தால், அதோடு அவன் என்னையும் இங்கே கூட்டிவரமாட்டான், தனியாக வருவான். கூப்பிடாமல் இருந்து. இல்லை. இன்னும் ஒரு மங்களவார்த்தை. இதற்குள் விழும்.

கிழங்கான் நடுங்குகிறது. முதலில் என் விரல்தான் நடுங்குகிறதென்று நினைத்தேன், இடதுகையால் வலதுகையைப் பிடித்துப் பார்த்தேன், என் விரல் இல்லை, நூல்தான். அந்தப் பழைய இழுப்பும் விடுதலும் நின்றுவிட்டது. இது வேறு, காய்ச்சல்கார உடம்பு போர்வைக்குள் உதறுகிற மாதிரி, பல் கிட்டுகிற மாதிரி, நிற்காமல். கீழே கலங்கலுக்கு அடியில், உப்புத் தண்ணீரில், ஏதோ ஒன்று வந்து நிற்கிறது. சின்னது அதைப் பார்த்துவிட்டது. ஓடவேண்டும் அதற்கு, ஓட முடியாது, முள் என் கையில் இருக்கிறது. சின்னவனே, உன் பயமும் என் பயமும் ஒரே நூலில் போய்வருகிறது, எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை. மூச்சு விடாதே என்று சொல்லியிருக்கிறான். நான் மூச்சு விட்டே வெகுநேரமாகிறது. நூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, தளர்ந்தது, அப்புறம் தடாலென்று விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. ஓட விடு. எடுத்ததும் இழுக்காதே, ஒரு மங்களவார்த்தை சொல்லுகிற நேரம் விட்டுவிடு, அது திருப்பி விழுங்கட்டும், பிறகு முள் ஏற ஒரே வெட்டாக வெட்டி இழு. எனக்காகவே அப்படிக் கணக்கு வைத்துச் சொல்லித் தந்தான். தங்கூசி சுற்றின கட்டையிலிருந்து நூல் கழன்று கழன்று போகிறது, நான் சொல்ல ஆரம்பித்தேன், அருள் நிறைந்த மரியே என்று வந்தது, ஆசி பெற்றவர் என்று வந்தது, இறப்பின் வேளை என்கிற இடத்துக்கு வந்து நாக்கு நின்றுவிட்டது. அதைத் தாண்டிப் போகமாட்டேன் என்கிறது. ஆமென் வரவில்லை. கை மட்டும் தானாக வெட்டியது, அந்தப் பக்கம் ஒரு கனம், அப்படி ஒரு கனம், குழந்தையைக் கிணற்றிலிருந்து தூக்குகிற மாதிரி கனம், தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்து தலையை உதறியது. வெள்ளி. கண் இரண்டும் சிவப்பு நெருப்பு. டெரன்ஸ் கேட்ட அளவுதான், தூக்கினால் வால் தரையில் இடிக்கும். இது பெனிட்டாவின் அடுக்களை, இது அவள் கையில் அரிவாள்மனை, இது என் மகன் அந்த வாசலுக்குள் தலை நிமிர்ந்து போவது, எல்லாம் என் இரண்டு கைக்குள் அறுத்துக்கொண்டு நிற்கிறது. இத்தனை பெரிய மீன் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கவேண்டும். கேட்டிருந்தால், "விடாதம்மா, விடாத!" என்று கத்தியிருப்பான். தண்ணீரை இடித்துக்கொண்டு ஓடிவந்திருப்பான். வரவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை.

"டெரன்ஸு!" என்று கத்தினேன். அது என் குரலா என்றே தெரியவில்லை. கொக்குகள் எழும்பின. "ஏ ஐயா! டெரன்ஸு!" எப்போது கையைத் திறந்தேன் என்று எனக்கு நினைவில்லை, கட்டை பலகையில் முட்டித் துள்ளித் தண்ணீரில் விழுந்து, மிதந்து, மூக்கைக் குத்தி உள்ளே போய்விட்டது. போகட்டும். நான் வத்தையிலிருந்து இறங்கவில்லை, விழுந்தேன். மேலே இளஞ்சூடு, காலடியில் குளிர், நெஞ்சு வரைக்கும் தண்ணீர், சேலை குடையாக விரிந்து முகத்தை மூடியது, அதை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு நடந்தேன், நடக்கவில்லை, சேறு முழங்கால் வரைக்கும் பிடித்து இழுத்து, விட்டு, பிடித்து இழுத்தது. செருப்பு போயிற்று. சிப்பி உள்ளங்காலைக் கிழித்தது தெரிந்தது, வலி தெரியவில்லை. கண்டல் வேர் ஆணி ஆணியாகச் சேற்றுக்கு வெளியே நிற்கும், அதன்மேல்தான் கால்வைத்து ஏறினேன். மண்ணே, பாசியே, மாதாவே, அந்தோனியாரே என்று வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், அவன் பிறந்தபோது பேறுகால ஆஸ்பத்திரியில் இப்படித்தான் வரிசை தெரியாமல் எல்லோரையும் கூப்பிட்டேன், நர்ஸ் அதட்டினாள். மரத்தைச் சுற்றினேன். தண்ணீரில் வலை இல்லை. அவன் தண்ணீரில் இல்லை. தண்ணீரில் இல்லை என்றால் தண்ணீருக்குள் என்றுதானே நினைப்பேன். அப்புறம் பார்த்தேன். கரைச் சேற்றில், ஒரு பெரிய மரத்தின் அடியில், காலை நீட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தான், உட்காரவில்லை, மரத்தோடு கட்டிக் கிடந்தான். மணிக்கட்டுச் சுருக்கைக் கழற்றி, அந்த வலைக்கயிற்றையே அக்குளுக்குக் கீழே இரண்டு சுற்றுச் சுற்றி, மரத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தான். கடல்முடிச்சு. அந்தச் சிரட்டை கருகுற வாசம் வந்திருக்கிறது அவனுக்கு. வந்ததும் தண்ணீரைவிட்டு ஏறி, என்னைக் கூப்பிடாமல், தன்னைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறான். என்னைக் கூப்பிடக்கூடாது என்று சொன்னவன் அவன் எப்படிக் கூப்பிடுவான். உடம்பு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது, தலை மரத்தில் இடித்துக்கொண்டிருந்தது, கண் மேலே போயிருந்தது, உதட்டோரம் ரத்தமும் நுரையும். நான் போய் அவன் தலைக்கும் மரத்துக்கும் நடுவில் என் கையை வைத்தேன். கை இடிபட்டது. இடிபடட்டும், இடிபடட்டும், இன்னும் கொஞ்சம், இதோ, இதோ, ஆச்சு.

நின்றுவிட்டது. ஒரு பெரிய மூச்சு விட்டான், குறட்டை மாதிரி. கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன், நனைந்து இறுகி வரவில்லை, பல்லால் கடித்துப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன், அவன் போட்ட முடிச்சு எனக்குமேல் புத்தியுள்ளது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருக்களித்துச் சாய்த்து, வாயை முந்தானையால் துடைத்து, தலையை என் தோளில் வாங்கிக்கொண்டேன். எவ்வளவு கனம். பிறந்த அன்றைக்கும் இப்படித்தான் தலையை என் தோளில் போட்டுக்கொண்டு தூங்கினான், அன்றைக்கு இந்தத் தாடி இல்லை. அக்கரையிலிருந்து, "எக்கா! ஏ எக்கா! என்னாச்சி? டெரன்ஸுக்கு என்ன?" என்று லீனஸ் கத்துகிறான். இந்தத் தரம் அவனோடு நிற்கிறவர்கள் சிரிக்கவில்லை. "வந்துருச்சிடா லீனஸு, சீக்கிரம் வா" என்றேன், அவ்வளவு தூரம் கேட்குமோ என்னமோ. "அசையாதீங்க! மண்மேட்டைச் சுத்தித்தான் வரணும், வாறேன், வாறேன்!" கேட்டிருக்கிறது. கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு வள்ளத்தைத் தள்ளுகிறான், பெண்டுகளும் கை கொடுக்கிறார்கள், கோல் தண்ணீரில் விழுகிறது தெரிகிறது. சுற்றித்தான் வரவேண்டும், எதிர்நீர் வேறு. இங்கே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. நான் வந்து உட்கார்ந்தபோது அவன் குதிகால்தான் நனைந்திருந்தது, இப்போது தொடை தெரியவில்லை, என் இடுப்புக்கு வந்துவிட்டது. இவனைத் தூக்க எனக்குப் பலம் இல்லை, மரத்தோடு கட்டிக் கிடக்கிறான், தண்ணீரோடு போகாமல் பிடித்திருக்கிற அதே கயிறுதான் இப்போது எழுந்திருக்கவும் விடவில்லை. கொஞ்சநேரத்தில் கண்ணைத் திறப்பான், திறந்ததும் நான் யார் என்று தெரியாமல் பார்ப்பான், அப்புறம் தெரியும், அப்புறம் மீன் கடிச்சிச்சாம்மா என்று கேட்பான். கடிக்கவில்லை என்று நான் பொய் சொல்லுவேன், அதை நீர் பாவக் கணக்கில் எழுதினாலும் எழுதிக்கொள்ளும். பெனிட்டாவை நான் போய்க் கூப்பிட்டுக்கொள்கிறேன், வெறுங்கையோடு போய் அந்த வாசலில் நின்று கூப்பிட்டுக்கொள்கிறேன், அது என் வேலை, உம்மிடம் விடவில்லை. இவனுக்குக் குணமாக்கும் என்றும் இப்போது கேட்கவில்லை, அதை ராத்திரி ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீரை மட்டும் கொஞ்சம் மெதுவாக ஏறச் சொல்லும் மாதாவே, லீனஸ் வந்து சேருகிற வரைக்கும்.